சினிமா வாடை

சினிமாவுக்கு இசையமைக்கிறவர் கச்சேரி மேடைக்கு எழுதினால் போதும், "நல்லாத்தான் இருக்கு, ஆனா சினிமா வாடை அடிக்குதே" என்று ஒருத்தர் கிளம்பிவிடுவார். அந்த 'ஆனா'வைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இசையமைப்பாளர் எரிச் கோர்ன்கோல்ட் ஞாபகம் வரும்.

வியன்னாவில் வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோதே பெரிய இசையமைப்பாளரான மாலர் வாயால் மேதை என்று பெயர் வாங்கியவர். 23 வயதில், 1920இல், அவருடைய ஆபரா (பாட்டாலேயே நடக்கும் நாடகம்) ஹாம்பர்க், கொலோன் என்று இரண்டு ஊர்களில் ஒரே நாளில் அரங்கேறியது. 1934இல் ஹாலிவுட் போனார். 1938 தொடக்கத்தில் ராபின் ஹூட் படத்துக்கு இசையமைக்கக் கேட்டபோது, வெறும் சண்டைப் படம், எனக்குச் சரிப்படாது என்று மறுத்தார். ஆஸ்திரியாவிலிருந்து வந்த செய்திகள்தான் மனதை மாற்றின. சில வாரங்களில் ஹிட்லரின் படை அங்கே நுழைந்துவிட்டது. கோர்ன்கோல்ட் யூதர். அந்தப் படம்தான் தன் உயிரைக் காப்பாற்றியது என்று பின்னாளில் அவரே சொன்னார். ஆஸ்கரும் கிடைத்தது. (அதற்கு முன் 'ஆந்தனி அட்வெர்ஸ்' படத்துக்கு வந்த இசை ஆஸ்கர், அன்றைய வழக்கப்படி, ஸ்டுடியோ இசைத்துறைத் தலைவர் கைக்குப் போனது. உழைத்தவர் ஒருவர், வாங்கியவர் இன்னொருவர்!)

போர் முடிந்ததும் வயலின் கான்செர்ட்டோ (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் கச்சேரி இசை) எழுதினார். நான்கு படங்களில் தான் போட்ட மெட்டுகளையே அதில் எடுத்துக்கொண்டார். 1947இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் வயலின் மேதை ஹைஃபெட்ஸ் அதை வாசித்தார், கூட்டம் கொண்டாடியது. நியூயார்க் விமர்சகர் ஒருவரோ அவர் பெயரையே உடைத்து, இதில் 'கோல்ட்' குறைவு, 'கார்ன்' அதிகம் என்று எழுதினார். ஆங்கிலத்தில் கார்ன் என்றால் மலிவான உருக்கம் என்றும் பொருள். ஜோக் நன்றாகத்தான் இருக்கிறது. விமர்சனம்தான் தப்பு.

ஏனென்றால் அந்த 'வாடை' ஹாலிவுட்டில் பிறந்ததே இல்லை. வியன்னா ஆபராவில் கற்றதை, பாடகர் இல்லாத ஆபரா போல, அவர்தான் திரைக்குக் கொண்டுபோனார். இரவில் படத்தை ஓடவிட்டு, பியானோவில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே வாசித்து மெட்டுப் பிடிப்பாராம். மற்றவர்கள் அவரைப் பார்த்துக் கற்றார்கள். கடைசியில் அவர் சொத்தை அவரே எடுத்து வந்தபோது, சினிமாவைக் காப்பியடிக்கிறார் என்று பழி!

கான்செர்ட்டோவின் மூன்றாம் பகுதி கொஞ்சம் அலட்டல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் பகுதியில், முன்னுரை எதுவுமில்லாமல் வயலின் நேரே ஒரு படத்து மெட்டைத் தொட்டு ஏறும் இடத்தை இத்தனை வருடம் கேட்டும் எனக்குச் சலிக்கவில்லை.

நான் முதலில் கேட்டது கான்செர்ட்டோவைத்தான். பல வருடம் கழித்து அந்த மெட்டு வரும் பழைய படத்தைப் பார்த்தேன். 'அடப்பாவி, கச்சேரியிலிருந்து சுட்டிருக்கான்' என்று ஒரு நிமிடம் கோபமே வந்துவிட்டது.