டிப்ஸுக்கு வரியே கிடையாதாமே, அக்கா?

போன வாரம் தெரிந்த தம்பி ஒருவன் போன் செய்தான். அமெரிக்காவில், டாலஸ் பக்கம் ஓர் உணவகத்தில் சர்வராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. "அக்கா, இப்போ டிப்ஸுக்கு வரியே கிடையாதாமே? அப்புறம் எதுக்குக் கணக்குல காட்டணும்?"

அவனைக் குறை சொல்ல மாட்டேன். 'நோ டாக்ஸ் ஆன் டிப்ஸ்' என்று மேடைக்கு மேடை முழங்கினால் யார் காதிலும் அப்படித்தான் விழும். ஆனால் 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் சொல்வது வேறு. 2025 முதல் 2028 வரை, ஆண்டுக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸை, வருமான வரி போடும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதியத்துக்கும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் பிடிக்கிற 7.65 சதவீதம் அப்படியே இருக்கிறது. அதைவிட முக்கியம், கணக்கில் காட்டிய டிப்ஸைத்தான் கழிக்க முடியும். காட்டாததை எங்கிருந்து கழிப்பது? (பெரிய கும்பல் வந்தால் கடையே பில்லில் சேர்த்துவிடும் 18 சதவீதம் இருக்கிறதே, அது டிப்ஸே இல்லை. சர்வீஸ் சார்ஜ். சம்பளக் கணக்கில் போகும், இந்தச் சலுகை அதற்குக் கிடையாது.)

உபதேசம் செய்ய எனக்குத் தகுதி இல்லை. நானே மறைத்தவள்தான்.

நான் டெக்சாஸில் சர்வராக இருந்தபோது சம்பளம் மணிக்கு 2.13 டாலர். டிப்ஸ் வாங்குபவர்களுக்கு மத்திய அரசு வைத்த அந்தக் குறைந்தபட்சக் கூலி 1991-இலிருந்து அசையவே இல்லை. டிப்ஸையும் சேர்த்து, மற்றவர்களுக்கான குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 7.25 வந்துவிட்டால் போதும், வராவிட்டால்தான் மீதியை முதலாளி போட வேண்டும். ராத்திரி ஷிப்ட் முடிந்து கம்ப்யூட்டரில் நம்பரைத் தட்டினால், வெளியே விடுவதற்கு முன் 'கேஷ் டிப்ஸ் எவ்வளவு?' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். ஏப்ரன் பையில் சாம்பார் கறையோடு கசங்கிய ஒற்றை நோட்டுகளும் ஐந்து டாலர் நோட்டுகளுமாக அறுபதுக்கு மேல் இருக்கும். பின்னாலிருந்து மேனேஜர், "7.25 வர்ற மாதிரி ஏதாவது போட்டுட்டுக் கிளம்பும்மா" என்பார். நான் 10 என்று போட்டுவிட்டுக் கிளம்புவேன்.

எனக்கும் ஒரு நியாயம் இருந்தது. டிப்ஸுக்கான வரியையும் அந்த 2.13-இலிருந்துதான் பிடிப்பார்கள். சேர்ந்த புதிதில் ஒழுங்காக எல்லாவற்றையும் காட்டினேன். இரண்டு வாரச் சம்பளச் சீட்டின் கடைசி வரியில் 0.00 என்று வந்தது. கை நிறைய ஒற்றை நோட்டு இருந்தாலும் அந்தப் பூஜ்யத்தைப் பார்க்கும்போது வயிறு எரியும்.

2020 மார்ச்சில் கடையை மூடினார்கள். வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். மத்திய அரசு கூடுதலாகத் தந்த வாரம் 600 டாலர் எனக்கும் வந்தது. ஆனால் மாநிலம் தரும் பங்கை, காட்டிய சம்பளத்தை வைத்துத்தானே போடுவார்கள்? என்னோடு அதே மேசைகளைப் பார்த்த தெலுங்குக்கார அக்கா ஒரு டாலர் விடாமல் எழுதுபவர். அவருக்கு வந்தது என்னுடையதைப்போல ஒன்றரை மடங்கு. அவர் சொல்லிக்காட்டக்கூட இல்லை, அதுதான் இன்னும் உறுத்தியது.

தம்பிக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். வாரம் 150 டாலர் மறைத்தால் 50 வாரத்துக்கு 7,500. வருமான வரிதான் இப்போது கழிந்துவிடுகிறதே, மறைப்பதால் மிச்சமாவது அந்த 7.65 சதவீதம் மட்டும்: 573 டாலர் சொச்சம். மாட்டினால் அதையும் கட்டி, அதில் பாதியை அபராதமாகவும் கட்ட வேண்டும். முதுமையில் வரும் சோஷியல் செக்யூரிட்டியோ, கணக்கில் காட்டி அதிகம் சம்பாதித்த 35 ஆண்டுகளின் சராசரியை வைத்துப் போடுவது. வீட்டுக் கடன், வாடகை வீடு எதற்குப் போனாலும் முதலாளி ஆண்டுதோறும் தரும் டபிள்யூ-2 என்ற சம்பளக் காகிதத்தில் உள்ளதுதான் நம் வருமானம்.

இந்தச் சலுகையை நான் பெரிதாகக் கொண்டாடவும் இல்லை. தனி ஆள் ஒருவருக்கு 2025-இல் வருமானத்திலிருந்து 15,750 டாலர் எப்படியும் கழிந்துவிடும், அதற்கு வருமான வரி இல்லை. பகுதி நேரமாக ஓடி அதற்குள் சம்பாதிப்பவருக்குக் கழிக்க வருமான வரியே இல்லை. 2.13-ஐத் தொடாமல் வரியைத் தொட்டிருக்கிறார்கள். கலிபோர்னியாவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் முழுக் குறைந்தபட்சக் கூலியை முதலாளியே தருகிறார், டிப்ஸ் அதற்கு மேல். அங்கேயும் ஹோட்டல்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

"முதலாளி திட்டுவாரா அக்கா?" என்று கேட்டான். முகம் சுளிக்கலாம், நீ காட்டுகிற டிப்ஸுக்கு அவரும் 7.65 கட்டணும். ஆனா அதுல பெரும்பகுதி அவருக்கு வரிச் சலுகையா திரும்பிடும், நீ கவலைப்படாதே என்றேன். மாதம் 20 டாலரைத் தாண்டினால் அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் கடையில் எழுதிக் கொடுக்க வேண்டும், மேசை துடைக்கும் பையனுக்குப் பிரித்துக் கொடுத்தது போக உன் கையில் நிற்பதைக் காட்டினால் போதும் என்றும் சொன்னேன்.

நேற்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒரு படம் அனுப்பினான். சின்ன நோட்டுப் புத்தகம், முதல் பக்கம். 'வெள்ளி. வந்தது 71. பையனுக்கு 9. கையில் 62.'