லாங் டான் சரி, டாட் டோவை யார் பேசுவது?

ஆகஸ்ட் 18 வந்தால் இங்கே ஆஸ்திரேலியாவில் வியட்நாம் வீரர்கள் தினம், அதாவது வியட்நாம் போருக்குப் போன ஆஸ்திரேலிய வீரர்களை நினைக்கும் நாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் லாங் டான் சண்டைதான். 1966-ல் தென் வியட்நாமில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குள், கொட்டுகிற மழையில், 108 பேர் கொண்ட ஒரு ராணுவக் கம்பெனி தன்னைவிடப் பல மடங்கு பெரிய கம்யூனிஸ்ட் படையோடு மோதித் தாக்குப்பிடித்த கதை. 18 ஆஸ்திரேலியர்கள் செத்தார்கள். அந்தப் பையன்களின் தைரியத்தைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. அதில் பலர் பிறந்த தேதியைக் குலுக்கல் போட்டு எடுத்து ராணுவத்துக்கு இழுத்துப் போகப்பட்டவர்கள். அப்போது ஓட்டுப் போடும் வயது 21, துப்பாக்கி தூக்க 20 போதும்.

என் கோபம் வேறு. அந்த ஒரு மாலை நேரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அதே மாகாணத்தில் அடுத்த வருடமே நடந்த பெரிய முட்டாள்தனத்தை ஓரமாக ஒதுக்கிவிடுகிறோம். டாட் டோ என்ற ஊர்ப் பக்கம் நம் படை போட்ட கண்ணிவெடி வேலியைத்தான் சொல்கிறேன்.

அதைப் புரிந்துகொள்ள மலாயாவுக்குப் போகவேண்டும். 1955-லிருந்து ஆஸ்திரேலியத் தரைப்படை அங்கே கம்யூனிஸ்ட் கெரில்லாக்களைத் தேடிக் காட்டுக்குள் அலைந்தது. சத்தமில்லாமல் நடப்பது, ஒற்றையடிப் பாதையைத் தவிர்ப்பது, கை சைகையிலேயே பேசுவது, ராத்திரி முழுக்கப் பதுங்கிக் கிடப்பது எல்லாம் அங்கே தேறிய வித்தை. ஆனால் அந்தப் போரை முடித்துவைத்தது இந்த வித்தை மட்டும் இல்லை. பிரிட்டிஷ்காரன் காட்டோரத்தில் இருந்த சுமார் ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, முள்வேலி போட்ட புதுக் கிராமங்களுக்கு மாற்றினான். தோட்டத்து லயங்களில் இருந்த நம் தமிழ்த் தொழிலாளிகளையும் ஒரே இடமாகக் கூட்டி வேலி போட்டதும் இதே திட்டத்தில்தான். சில இடங்களில் வீட்டுக்கு அரிசியே கிடையாது. பொதுச் சமையற்கூடத்தில் வடித்த சோறுதான் கொடுப்பார்கள். சோறு ஒரு நாளில் புளித்துவிடும், காட்டுக்குள் இருப்பவனுக்குச் சேர்த்துவைத்துக் கொடுக்க முடியாது. குரூரமான யோசனை, ஆனால் பலித்தது. பலித்ததற்குக் காரணம், கெரில்லாக்கள் பெரும்பாலும் ஒரே சமூகத்திலிருந்து வந்தவர்கள், வெளியிலிருந்து பெரிய உதவி இல்லை, எல்லாவற்றுக்கும் மேலாக 1957-ல் நாடு சுதந்திரமும் வாங்கிவிட்டது. அப்புறம் எதற்காக ஒருவன் காட்டில் கிடப்பான்?

இந்தப் பின்னணி எதுவும் இல்லாமல் வேலியை மட்டும் வியட்நாமுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். லாங் டானும் டாட் டோவும் இருக்கும் ஃபுவோக் துய் மாகாணத்தில் ஆஸ்திரேலியப் படை தன் நுய் டாட் முகாமை அமைக்கும்போதே பக்கத்தில் இருந்த லாங் ஃபுவோக் ஊரைக் காலி செய்து இடித்தாயிற்று. 1967-ல் அங்கிருந்த ஆஸ்திரேலியப் படையின் தளபதி பிரிகேடியர் ஸ்டூவர்ட் கிரகாம் அடுத்த யோசனைக்கு வந்தார்: டாட் டோவிலிருந்து கடற்கரை வரை 11 கிலோமீட்டருக்கு இரட்டை முள்வேலி, நடுவில் 20,000-க்கும் மேற்பட்ட எம்16 கண்ணிவெடிகள். வயல் பக்கத்து ஊர்களிலிருந்து ஆளும் அரிசியும் கெரில்லாக்களுக்குப் போகாமல் தடுப்பதுதான் நோக்கம்.

எம்16 மிதித்த இடத்திலேயே வெடிக்கிற சாதனம் இல்லை. மண்ணிலிருந்து எகிறி, இடுப்பு உயரத்துக்கு வந்து வெடிக்கும். மிதித்தவனோடு முன்னே பின்னே வருகிறவனையும் சேர்த்து அடிக்கும். தோண்டி எடுக்காமல் இருக்க, பலவற்றின் அடியில் கையெறி குண்டை வேறு வைத்தார்கள். புதைக்கும்போதே பொறியாளர் படையில் ஆட்கள் செத்தார்கள்.

சரி, புதைத்தாயிற்று, காவல் யார்? தென் வியட்நாம் படை பார்த்துக்கொள்ளும் என்று கணக்கு. அவர்கள் பார்க்கவில்லை. ஊர்க்காரர்களும் கெரில்லாக்களும் ராத்திரியில் தவழ்ந்து போய், கையால் துழாவி, அடியில் இருக்கும் குண்டை எப்படிச் செயலிழக்க வைப்பது என்று கற்றுக்கொண்டார்கள். கற்கும்போது பலர் செத்தார்கள், ஆனாலும் கற்றார்கள். ஆயிரக்கணக்கில் தோண்டி எடுத்து, லாங் ஹாய் மலைப் பக்கம் ஆஸ்திரேலியர்கள் நடக்கும் தடத்திலேயே திரும்பப் புதைத்தார்கள். திருடனுக்கு நாமே சாவி செய்து கொடுத்த மாதிரி. 1969 ஜூலை 21, நிலவில் மனிதன் கால் வைத்த செய்தியை உலகமே கேட்டுக்கொண்டிருந்த அன்று, அந்தப் பக்கம் ஒரு பிளட்டூன் (கம்பெனிக்குள் ஒரு சிறு பிரிவு) இப்படி ஒரு வெடியில் சிக்கி அதன் அதிகாரி இறந்தார், பலர் காயம்பட்டார்கள். இந்த வெடிகளால் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர்கள் செத்ததாகச் சொல்லப்படுகிறது. லாங் டானில் 18. எதைப் பற்றி அதிகம் பேசவேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

மலாயாவில் காட்டுக்கும் ஊருக்கும் நடுவில் வேலி போட முடிந்தது. டாட் டோவில் கெரில்லா அந்த ஊர்க்காரனின் அண்ணன், மருமகன், மகள். வேலிக்கு எந்தப் பக்கம் எதிரி என்றே கேட்க முடியாத இடம் அது.

உடனே சிலர் வருவார்கள், "நடந்து முடிந்த பிறகு சொல்வது சுலபம்" என்று. இல்லைங்க. கண்ணால் பார்த்து, துப்பாக்கியால் காக்க முடியாத கண்ணிவெடி வேலி தடையே ஆகாது என்பது அன்றைக்கே ராணுவத்தில் பாலபாடம். கிரகாமுக்கு அது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. கைவசம் ஆள் போதவில்லை, மாகாணம் முழுவதையும் காக்கவேண்டும், அதனால் ஆளுக்குப் பதில் வெடியை வைத்தார். பிறகு அந்த வெடிகளை அகற்ற ஆரம்பித்தவர்களும் அதே பொறியாளர் படைக்காரர்கள்தான்.