அந்த மைக்கைக் கொஞ்சம் இறக்குங்கள்

முந்தாநாள் வந்த அந்த வீடியோவைப் பற்றித்தான். எது என்று கேட்காதீர்கள், எல்லோர் டைம்லைனிலும் வந்ததுதான். ரிசல்ட் அன்றைக்கு மகளைத் தற்கொலைக்குப் பறிகொடுத்த அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிறார். வாய்க்கு நேரே நாலு மைக். "கடைசியா என்னம்மா பேசினா?" என்று ஒரு குரல். தம்ப்நெயிலில் யூனிபார்மோடு பிள்ளையின் படம், சிவப்பு வட்டம், "நெஞ்சை உலுக்கும் கடைசி நிமிடங்கள்". நடுவில் கோச்சிங் சென்டர் விளம்பரம் வேறு!

செய்தியே போடாதே என்று நான் சொல்லவில்லை. எப்படிப் போடுகிறாய் என்றுதான் கேட்கிறேன். எந்த வழியில், எந்த இடத்தில், கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதெல்லாம் யாருக்கு வேண்டும்? இதையெல்லாம் போடக் கூடாது என்று இந்திய பிரஸ் கவுன்சில் 2019-லேயே சொல்லிவிட்டது. "அது பத்திரிகைக்குத்தான், எங்களுக்கு இல்லை" என்று டிவிக்காரர்கள் வருவார்கள். தனி விதி வரும்வரை டிவிக்கும் இதுவே பொருந்தும் என்று பாம்பே உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் சொன்னது. யூடியூப் சேனல்களுக்கு நீதிமன்றமே வந்து சொன்னால்தான் மனசாட்சி வருமோ என்னவோ.

"ஒரு நியூஸைப் பார்த்து யாராவது சாவார்களா?" என்று கேட்கப்போகும் அறிவாளிகளுக்காக. எண்பதுகளில் வியன்னா மெட்ரோவில் தற்கொலைகள் கூடிக்கொண்டே போயின. பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. 1987-இல் அங்குள்ள தற்கொலைத் தடுப்பு அமைப்பு எப்படி எழுதலாம் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. பத்திரிகைகள் கேட்டுக்கொண்டன. ஆறே மாதத்தில் மெட்ரோவில் நடந்த தற்கொலைகளும் முயற்சிகளும் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. ரயில் மாறவில்லை, ஊர் மாறவில்லை. மாறியது எழுதிய விதம்.

என் பெரியம்மா மகன் போனபோது வீட்டுக்கு ஒரு நிருபர் வந்தார். போலீஸ்தான் கேட்கிறது என்று நினைத்து, ரேஷன் கார்டு உறைக்குள் இருந்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்துக் கொடுத்துவிட்டார் பெரியப்பா. மறுநாள் அதே போட்டோ பேப்பரில். "காதல் தோல்வியா? கடன் தொல்லையா? போலீசார் தீவிர விசாரணை." காதலும் இல்லை, கடனும் இல்லை. அண்ணன் வருஷக்கணக்காக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதை ஒருத்தரும் கேட்கவில்லை. தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் கிடையாது என்று டாக்டர்கள் தலையால் அடித்துக்கொள்கிறார்கள், இவர்களுக்கோ தலைப்பில் ஒரு கேள்விக்குறி போட்டால் வேலை முடிந்தது. இன்றைக்கும் கல்யாண வீட்டில் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு "யாருக்கா அந்தப் பொண்ணு?" என்று கேட்கிறார்கள். இல்லாத பெண்ணுக்குப் பெரியம்மா எங்கே போவார்?

"மறைத்தால் அரசியல்வாதிகள் தப்பித்துவிடுவார்கள், விவசாயி சாவும் மாணவர் சாவும் வெளியே வர வேண்டாமா?" என்று நண்பர் ஒருவர் இன்பாக்ஸில் கேட்டார். நியாயம்தான். கடனைப் பற்றி எழுதுங்கள், தேர்வைப் பற்றி எழுதுங்கள், மந்திரியைப் பிடித்து உலுக்குங்கள். அந்த மைக்கை மந்திரி வாயருகே கொண்டுபோகத்தான் உங்களுக்குத் தைரியம் வருவதில்லை. அழுகிற அம்மா திருப்பிக் கேட்க மாட்டார், கேஸ் போட மாட்டார். அதனால்தானே அங்கே போகிறீர்கள்?

"மக்கள் பார்க்கிறார்கள், நாங்கள் போடுகிறோம்" என்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை.

சரி, அவர்களை மட்டும் திட்டி என்ன பயன்? என் சொந்தக்காரர்கள் குரூப்பிலேயே அந்த வீடியோ மூன்று முறை வந்தது. கீழே அழுகிற எமோஜி. அதே குரூப்பில் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் பார்த்துவிட்டு ரூமைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஒன்று இருக்கிறது. அவளுக்கு மார்க் எவ்வளவு என்று கேட்டவர்கள் பத்துப் பேர். சாப்பிட்டாளா என்று கேட்டவர் யாருமில்லை.

அந்த இருபது நிமிட வீடியோவில் உதவி எண் கடைசியில் வருகிறது, கண் சிமிட்டுவதற்குள் போய்விடுகிறது. அதனால் இங்கே போடுகிறேன்: தமிழ்நாட்டில் 104, டெலி மானஸ் 14416, சென்னை சினேகா 044-24640050. மனசு சரியில்லை என்றால் கூப்பிடுங்கள், வெட்கமே வேண்டாம்.

கமெண்டில் அந்த வீடியோ லிங்க்கைப் போடாதீர்கள். போட்டால் டெலிட் செய்வேன். உறவுமுறையெல்லாம் பார்க்க மாட்டேன், பிளாக்கும் செய்வேன்.