ஒரு வாரத்துக்கு மூன்று நாடு வேண்டாமே

"ஒரு வாரம் லீவு இருக்கு. வியட்நாம் போகலாமா, கம்போடியாவா? அப்படியே லாவோஸையும் ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துடலாமா?" இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. இந்திய நகரங்களிலிருந்து வியட்நாமுக்கு நேரடி விமானங்கள் வந்த பிறகு கேட்பவர்கள் இன்னும் அதிகம். கூடவே ஏழு நாளில் மூன்று நாடு என்கிற பேக்கேஜ் விளம்பரங்களும் கண்ணில் படுகின்றன. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம்தான் கையில் இருக்கிறது என்றால் ஒரே நாடு போதும். அதிலும் ஒரு பகுதி போதும்.

வரைபடத்தில் பார்த்தால் மூன்றும் தோளோடு தோள் உரசி நிற்கிற நாடுகள். அதுதான் ஆசை காட்டுகிறது. வியட்நாமின் ஹோ சி மின் நகரத்திலிருந்து கம்போடியத் தலைநகர் புனோம் பென் ஏறக்குறைய 230 கிலோமீட்டர்தான். ஆனால் பஸ்ஸில் ஏறி, மோக் பாய் எல்லைச் சாவடியில் இறங்கி, அந்தப் பக்கம் பாவெத்தில் மறுபடி வரிசையில் நின்று, ஊருக்குள் போய்ச் சேரும்போது பகல் முடிந்திருக்கும். விமானத்தில் போனாலும் பெரிய லாபம் இல்லை. அறையைக் காலி செய்ய வேண்டும், இரண்டு மணி நேரம் முன்னாலேயே விமான நிலையத்தில் இருக்க வேண்டும், இறங்கிய பிறகு குடியேற்றச் சோதனை. கம்போடியாவின் சியெம் ரீப்பில் 2023-இல் திறந்த புதிய விமான நிலையம் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஏழு நாளில் போகவும் வரவும் இரண்டு நாள் போய்விடும். மீதி ஐந்தில் இரண்டு எல்லைகளுக்கு இரண்டைக் கொடுத்தால், பார்ப்பதற்கு மூன்றே நாள். மூன்று நாட்டுக்கும் சேர்த்து மூன்று நாள்!

இதில் விசா சங்கதி வேறு. வியட்நாமின் இ-விசா ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். ஹனோயில் இறங்கி, நடுவில் கம்போடியா போய்விட்டு, திரும்பவும் வியட்நாம் வழியாக வீடு திரும்புவதாகத் திட்டம் என்றால் இரண்டாவது வகைதான் வேண்டும். பல ஏஜென்டுகள் இதைச் சொல்வதில்லை. எந்தச் சாவடி வழியாக நுழைகிறோம் என்பதையும் விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டும். இ-விசாவை எல்லாச் சாவடியிலும் ஏற்க மாட்டார்கள், பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எந்த நாடு? என்னைக் கேட்டால் முதலில் காலண்டரைப் பார்ப்பேன். நம் ஆட்கள் பலர் டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு மழையை மறந்துவிடுகிறார்கள். வியட்நாமுக்கு ஒரே பருவம் கிடையாது, அவ்வளவு நீளமான நாடு அது. ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு ரயில் பாதை 1,726 கிலோமீட்டர், முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். அக்டோபர், நவம்பரில் தெற்கே மழை ஓய்ந்துகொண்டிருக்கும்போது நடு வியட்நாமில் வெளுத்து வாங்கும். ஹோய் ஆன் பழைய தெருக்களில் வெள்ளம் புகுந்து படகில் போகிற படங்களைப் பார்த்திருப்பீர்கள், அவை இந்த மாதங்களில் எடுத்தவை. ஜனவரி, பிப்ரவரியில் வடக்கே குளிரும் தூறலும். ஹா லாங் விரிகுடாவின் சுண்ணாம்புப் பாறைகள் பனிமூட்டத்தில் பாதி மறைந்திருக்கும், ஏப்ரல் வந்தால்தான் தெளியும். பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை நடுப்பகுதி நன்றாக இருக்கும். சந்திரப் புத்தாண்டான 'தெத்' வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், பாதிக் கடைகள் மூடியிருக்கும், ரயிலில் இடம் கிடைக்காது. கம்போடியாவில் கணக்கு எளிது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை அருமை. ஏப்ரலில் வெயில் மண்டையைப் பிளக்கும், மே முதல் அக்டோபர் வரை மழை.

ஆகவே டிசம்பரில் கிளம்புகிறவர்களுக்கு என் பதில் கம்போடியா. அதிலும் அங்கோர் கோயில்கள் இருக்கிற சியெம் ரீப் மட்டும். புனோம் பென்னையும் சேர்க்கச் சொல்பவர்கள் உண்டு. 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சிக் கொடுமைகளின் சாட்சியாக, அப்போது சிறையாக்கப்பட்ட தூல் ஸ்லெங் பள்ளிக்கூடம் அங்கே நிற்கிறது. பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் காலையில் அதைப் பார்த்துவிட்டு மதியம் கோயிலுக்கு ஓடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்கென்று தனியாக நேரம் கொடுக்க வேண்டும், அல்லது இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

அங்கோருக்கு ஒருநாள் போதும் என்று எழுதுகிறார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். கோயில்கள் இருக்கிற தொல்லியல் பூங்காவே 400 சதுர கிலோமீட்டர். ஒருநாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62 டாலர்; மூன்று நாள் சீட்டைப் பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம். அப்புறம், கம்போடிய அரசன் இரண்டாம் சூரியவர்மன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய அங்கோர் வாட் மேற்குப் பார்த்த கோயில். விடியலில் கூட்டமெல்லாம் மேற்கே குளத்தங்கரையில் நின்று கோபுரங்களுக்குப் பின்னால் சூரியன் எழுவதைப் படமெடுத்துவிட்டு, காலை உணவுக்கு ஓட்டலுக்குத் திரும்பிவிடும். அந்த நேரத்தில் நீங்கள் சுற்றிக்கொண்டு கிழக்குப் பிராகாரத்துக்குப் போங்கள். அங்கேதான் பாற்கடல் கடைகிற சிற்பம். கிட்டத்தட்ட ஐம்பது மீட்டர் நீளத்துக்கு ஒரே சுவர். நடுவில் திருமால், கீழே ஆமை, இருபக்கமும் வாசுகியைப் பிடித்து இழுக்கிற தேவர்களும் அசுரர்களும். தேவர் வரிசையின் கடைசியில் பாம்பின் வாலைப் பிடித்திருப்பது குரங்கு முகம், அனுமன் என்கிறார்கள். நமக்குத் தெரிந்த பாற்கடல் கதையில் அவர் வருவதில்லையே! கெமர், அதாவது கம்போடியச் சிற்பி தன் ஊரில் வழங்கிய கதையைச் செதுக்கியிருக்கிறான். கதை கடல் கடந்து போய் அந்த மண்ணில் வேறு மாதிரி வளர்ந்திருப்பதைப் பார்க்கிறபோது வருகிற சந்தோஷம் எனக்குப் பெரிது. 'நம்ம ராஜா கட்டினது' என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

மாலையில் மேற்குப் பிராகாரம். ஒரு பக்கம் குருக்ஷேத்திரம், இன்னொரு பக்கம் இலங்கைப் போர். சாய்ந்த வெளிச்சத்தில் அம்புப் படுக்கையில் கிடக்கிற பீஷ்மரைத் தேடிப் பாருங்கள். மறுநாள் பாயோன் கோயிலின் கல் முகங்களும், மரவேர்கள் சுவரைக் கவ்விப் பிடித்திருக்கிற தா ப்ரோமும். மூன்றாம் நாள் பாந்தே ஸ்ரேய். 967-இல் பிரதிஷ்டையான சின்னக் கோயில், செந்நிற மணற்கல்லில் மரவேலை மாதிரி நுணுக்கம். எனக்கு அங்கோர் வாட்டைவிட இதுதான் நெருக்கமானது. ஒரு டுக்டுக் ஆட்டோக்காரரையே மூன்று நாளைக்கும் பேசிக்கொண்டால் அலைச்சல் இல்லை. டாலரை எங்கும் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் நோட்டில் லேசாகக் கிழிசல் இருந்தாலும் தொடமாட்டார்கள்.

மார்ச்சிலிருந்து ஆகஸ்டுக்குள் போகிறவர்களுக்கு நடு வியட்நாம். ஹனோய், ஹா லாங், ஹோ சி மின் நகரம் மூன்றையும் விட்டுவிட்டு டா நாங்கில் இறங்கச் சொன்னால் கோபப்படுவீர்கள். ஆனாலும் சொல்கிறேன். டா நாங்கிலிருந்து முப்பது கிலோமீட்டரில் ஹோய் ஆன். வடக்கே நூறு கிலோமீட்டரில் ஹுயே, பழைய அரச நகரம். இரண்டுக்கும் நடுவே ஹாய் வான் கணவாயைக் கடலோரமாகவே சுற்றிக்கொண்டு போகிற ரயில். ஹோய் ஆனிலிருந்து நாற்பது கிலோமீட்டர் போனால் மீ சோன், இந்தப் பகுதியை முன்பு ஆண்ட சம்பா அரசர்களின் சிவன் கோயில்கள். 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரும்பகுதி நொறுங்கியது, பள்ளங்கள் இன்னும் இருக்கின்றன. 2020-இல் நம் இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே சீரமைப்பு செய்தபோது 9-ஆம் நூற்றாண்டு ஒற்றைக்கல் லிங்கம் ஒன்று கிடைத்தது. டா நாங்கில் உள்ள சாம் (சம்பா மக்கள்) சிற்ப அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு மீ சோன் போனால், வெறும் செங்கல் மேடாகத் தெரிகிற இடமெல்லாம் உயிர் பெறும். ஒரு வாரத்துக்கு இவ்வளவே தாராளம்.

லாவோஸைப் பற்றிச் சுருக்கமாக. கோயில்களும் நகரங்களும் போதும், கொஞ்சம் சும்மா இருக்க வேண்டும் என்பவர்களுக்கு லுவாங் பிரபாங். மீகாங் ஆற்றங்கரையில் சின்ன ஊர், அருகில் குவாங் சி அருவி. 2021 டிசம்பரில் ரயில் வந்த பிறகு தலைநகர் வியன்டியானிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். விடியலில் பிட்சுக்களுக்குச் சோறு இடுகிற வழக்கத்தைப் பார்க்கப் போனால் தள்ளி நின்று பாருங்கள். முகத்துக்கு நேரே ஃபோனை நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அது அவர்கள் வழிபாடு.

தாய்லாந்து வழியாகத் தரைமார்க்கமாகக் கம்போடியா போகலாம் என்கிற பழைய யோசனையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 2025-இல் இரண்டு நாடுகளும் எல்லையில் மோதிக்கொண்டன, சாவடிகள் மூடப்பட்டன. கிளம்புவதற்கு முன் அன்றைய நிலையை விசாரிக்காமல் எதையும் முன்பதிவு செய்யாதீர்கள்.

வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்கு ஒரு விஷயம். அங்கோர் வாட்டின் உச்சி அடுக்குக்கு ஏறுகிற படிகள் செங்குத்தானவை. தோளும் முழங்காலும் மூடிய உடை இல்லாவிட்டால் மேலே விடமாட்டார்கள், பௌத்த விரத நாட்களில் அந்த அடுக்கை மூடிவிடுவார்கள். கீழ்ப் பிராகாரச் சிற்பங்களுக்கு அவ்வளவு ஏறவேண்டியதில்லை, அம்மா அப்பாவை அங்கே நிதானமாக உட்காரவைத்து ஒவ்வொரு கதையாகக் காட்டலாம். எந்த மாதம் போகிறீர்கள், கூட யார் வருகிறார்கள் என்று கீழே எழுதுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.