மூன்றாவது குதிப்புக்கு முன்னால்

பயிற்சி விமானம் தரையிறங்கும்போது மூக்குச் சக்கரம் உடைந்தது என்று செய்தி வந்தால் போதும், "ஓட்டத் தெரியாதவரை ஏன் தனியாக அனுப்பினார்கள்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் பழகியவன் என்ற முறையில் இந்தக் கேள்வி எனக்கு வலிக்கிறது.

ஆசிரியர் இல்லாமல் தனியாகப் பறக்கும் என் ஐந்தாவது சோலோ அது. இறங்கும்போது 65 நாட் இருக்க வேண்டிய வேகம் 75-இல் நின்றது. பத்துதானே கூட என்று விட்டுவிட்டேன். ஆனால் வேகம் அவ்வளவு கூடினால், விமானம் சுமந்து வரும் ஆற்றல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அது தீரும்வரை விமானம் தரையில் உட்காராது. அதிலும் தரையை ஒட்டிப் பறக்கும்போது காற்றின் இழுவை குறைவு, அதனால் மிதந்துகொண்டே போகும். ஓடுபாதை தீர்கிறதே என்ற பதற்றத்தில் மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியான யோக்கை முன்னால் தள்ளினேன். மூக்குச் சக்கரம் முதலில் பட்டு, விமானம் குதித்தது. மறுபடி தள்ளினேன். இந்த முறை இன்னும் உயரமாகக் குதித்தது.

அந்த உச்சியில் என் வலது கை எஞ்சினுக்குப் பவர் கொடுக்கும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளிவிட்டது. மூக்கு இடது பக்கம் இழுத்தது, அதைத் திருப்ப வலது ருடர் பெடலை மிதித்தேன். மூக்கு தூக்கப் பார்த்தது, அழுத்திப் பிடித்தேன். இறங்குவதற்காக இறக்கையில் விரித்திருந்த ஃபிளாப்பைப் படிப்படியாக எடுத்து மேலே ஏறினேன். இது என் திறமை இல்லை. சோலோவுக்கு விடுமுன் என் ஆசிரியர் கோ-அரவுண்டை, அதாவது இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே ஏறுவதை, தரையிலிருந்து பத்தடி உயரத்திலும், வேண்டுமென்றே குதிக்கவிட்டும் செய்ய வைத்திருந்தார்.

விமானங்களை நிறுத்தும் எங்கள் ஹேங்கரில் இன்னொரு செஸ்னா நின்றது. புரொப்பெல்லரின் இரண்டு நுனியும் பின்பக்கமாகச் சுருண்டு, எஞ்சினுக்குப் பின்னால் இருந்து மூக்குச் சக்கரத்தைத் தாங்கும் தடுப்பான ஃபயர்வாலில் தகடு கசங்கியிருந்தது. மூன்றாவது குதிப்பில் நேர்ந்தது அது. அதை ஓட்டிய பையன் என்னைவிட நன்றாகப் பறப்பவன். ஆனால் அவனுடைய ஆசிரியருக்குக் கோ-அரவுண்ட் என்றாலே, "இன்னும் இறக்கத் தெரியலையா?" என்ற கேள்விதான். அதனால் அவன் எப்படியாவது இறக்கிவிடப் பார்த்தான்.

ஆகவே ஆசிரியர்களிடம்தான் என் கோரிக்கை. பக்கக்காற்றையும் வேகக் கட்டுப்பாட்டையும் எல்லோரும் சொல்லித் தருகிறீர்கள், சரி. கோ-அரவுண்டையும் அதே அளவு பழக்குங்கள். முந்நூறு அடியில் நிதானமாகச் செய்துகாட்டினால் போதாது. முழு ஃபிளாப்போடு, குறைந்த வேகத்தில், மூக்கைத் தூக்கிப் பிடிக்கும்படி வைத்த டிரிம் அமைப்போடு திடீரென்று பவர் கொடுத்தால் விமானம் ஸ்டால் ஆகக்கூடும், அதாவது இறக்கை தூக்கும் விசையை இழக்கக்கூடும். பழகாத கை அங்கேதான் தடுமாறும். அப்புறம், திரும்பி வந்த மாணவனிடம் முகத்தைச் சுளிக்காதீர்கள். அந்த ஒரு சுளிப்பு அடுத்த முறை அவன் கையைத் த்ராட்டிலுக்குப் போகவிடாது.

அன்று நான் இரண்டாவது சுற்றில் இறங்கி, கால் நடுங்க நடந்து போனேன். என் ஆசிரியர் பதிவேட்டை வாங்கி, ஒரு கோ-அரவுண்ட், ஒரு லேண்டிங் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, "முதல் தடவை வரும்போது வேகம் எவ்வளவு இருந்தது?" என்று கேட்டார்.