“கொஞ்சம் கெத்தா இல்லண்ணா”

கல்யாண வீடியோ டிராஃப்ட்டைப் பாத்துட்டு இப்படி ஒரு வரி அனுப்பினா, இதை வெச்சு எடிட்டர் என்னங்க பண்ணுவாரு? எந்த நிமிஷம், என்ன குறை, என்ன வேணும், மூணையும் சொல்லணும். “12:40ல பெரியத்தை ஆசீர்வாதம் 2 செகண்ட்ல வெட்டுது, 5 செகண்ட் விடுங்க”ன்னு எழுதினா வேலை முடிஞ்சுது. அஸ்தம்பட்டில மாப்பிள்ளை வீடு ஒரு லிஸ்ட், ஆத்தூர்ல பொண்ணு வீடு ஒரு லிஸ்ட், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முட்டும். பேசி ஒரே லிஸ்ட்டா அனுப்புங்க.

பாட்டை மாத்தணும்னா முதல் டிராஃப்ட்லயே சொல்லிடுங்க. கட் எல்லாம் அந்தத் தாளத்துக்கு வெச்சது. கடைசில மாத்தினா முழுசா திரும்ப வெட்டணும்.

வாட்ஸ்அப்ல வீடியோவா வந்ததைப் பாத்துட்டு “மங்கலா இருக்கு”ங்கறது இன்னொரு கொடுமை. அது சுருக்கித்தான் அனுப்பும். டாக்குமெண்டாவோ டிரைவ் லிங்க்லயோ வாங்கிப் பாருங்க. ஏற்காட்டுப் பனிமூட்டத்துல எடுத்த அவுட்டோரை “பளிச்சுனு” ஆக்கச் சொன்னா கான்ட்ராஸ்ட் ஏறும், நிற அளவு கம்மியாப் பதியற 8 பிட் ஃபைல்னா வானம் பட்டை பட்டையாப் பிரியும்.

மேடை எல்இடி வெளிச்சத்துல கோடு ஓடுதா? நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், கேமரா ஷட்டர் வேகம் 1/50 இல்லன்னா 1/100 செகண்ட்னு வெச்சிருந்தா பல சமயம் இது வராது. அது பெரும்பாலும் கேமராமேன்கிட்ட சொல்ல வேண்டியது.

எடிட்டருங்களும் சும்மா இல்ல. தாலி கட்டற இடத்துல கெட்டிமேளத்தை அமுக்கிட்டு சினிமாப் பாட்டைப் போடறது, கேட்டா “இப்ப இதான் டிரெண்டு”ங்கறது. எந்த இடம் பிடிக்கலன்னு திருப்பிக் கேக்கறதுக்கு என்னங்க கேடு?