தூரத்தை வைத்து ஜாமரை அளக்காதீர்கள்

ரேடாரை அலைகளால் குழப்பி முடக்கும் ஜாமர் என்ற கருவியை லாரியில் ஏற்றித் தனுஷ்கோடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டால், பாக் நீரிணை முழுவதும் எதிரியின் ரேடாருக்கு இருண்டுவிடும் என்று எங்கள் பகுதி இளைஞர்கள் சிலர் உறுதியாக நம்புகிறார்கள். ரஷ்யாவின் கிராசுகா-4 ஜாமர் எட்டும் தூரமாகச் சொல்லப்படும் 300 கிலோமீட்டர் என்ற எண்ணே அவர்களுக்குச் சான்று. நாட்டின் பாதுகாப்பில் அவர்களுக்குள்ள அக்கறையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால், இந்த எண்ணை வைத்து இராமநாதபுரம் கடற்கரைக்கு எது வேண்டும் என்று முடிவு செய்வது சரியல்ல என்பதை, மின்னணுவியல் கற்பிப்பவன் என்ற முறையில் விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் உயரத்தைப் பார்க்க வேண்டும். ரேடார்களும் ஜாமர்களும் பயன்படுத்தும் நுண்ணலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை, பூமியோ வளைந்தது. வளிமண்டலம் அலைகளைச் சற்றே வளைத்துக் கொடுப்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், 10 மீட்டர் உயரத்தில் உள்ள ஓர் ஆன்டெனா, அதே உயரத்தில் உள்ள இன்னோர் ஆன்டெனாவை ஏறத்தாழ 26 கிலோமீட்டர் வரைதான் எட்டும். அதே லாரி 10,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தை 400 கிலோமீட்டருக்கு அப்பாலும் எட்டலாம். கிராசுகா-4 முதன்மையாக வானில் பறக்கும் கண்காணிப்பு விமானங்களின் ரேடார்களைக் குறிவைத்து உருவாக்கப்பட்டது. அந்த 300 கிலோமீட்டருக்குப் பொருள் அங்கேதான் இருக்கிறது, கப்பலின் ரேடாருக்கு அது பொருந்தாது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட தூரமே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கந்தமாதன பர்வதம் என்ற சிறு மேட்டைத் தவிர உயரம் என்று சொல்ல எதுவுமில்லாத இந்தத் தட்டையான கரையில், தரையில் நிற்கும் லாரியின் எல்லை அடிவானத்தோடு முடிந்துவிடுகிறது. கடல்மேல் படியும் ஈரக்காற்று அடுக்கு சில நாட்களில் அலைகளை அடிவானத்துக்கு அப்பாலும் கொண்டுசெல்வது உண்மைதான். ஆனால் அதை நம்பிப் பாதுகாப்பைத் திட்டமிட முடியாது.

அடுத்தது, ஜாமர் எப்படி வேலை செய்கிறது என்பது. ரேடார் அனுப்பும் அலை இலக்கைத் தொட்டுத் திரும்பி வரவேண்டும் என்பதால், அதன் எதிரலை தூரத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் தேய்கிறது. ஜாமரின் அலையோ ஒருவழிப் பயணம் மட்டுமே செய்வதால், தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில்தான் தேய்கிறது. தொலைவில் ஜாமருக்கு உள்ள பெரும் அனுகூலம் இது. ஆனால் கரையில் நிற்கும் ஜாமர், தன் தரப்பு விமானம் ஒன்றை எதிரியின் ரேடாரிடமிருந்து மறைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த விமானம் ரேடாரை 40 கிலோமீட்டரிலிருந்து 20 கிலோமீட்டருக்கு நெருங்கினால் அதன் எதிரலை 16 மடங்கு வலுக்கிறது. ஜாமர் அனுப்பும் இரைச்சல் அலையோ இருந்த அளவிலேயே இருக்கிறது. ஏதோ ஒரு தூரத்தில் எதிரலை இரைச்சலைக் கிழித்துக்கொண்டு திரையில் தெரிந்துவிடும். ஆகவே, எந்த ரேடாருக்கு எதிராக, எதை மறைப்பதற்காக, எந்த உயரத்தில் என்று சொல்லாமல் எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் கேட்பதில் பயனில்லை.

இதைவிட முக்கியமானது கேட்கும் திறன். எதிரியின் ரேடார் எந்த அதிர்வெண்ணில், எத்தகைய துடிப்புகளை, எந்த இடைவெளியில் அனுப்புகிறது என்பதை அமைதிக் காலத்திலேயே ஆண்டுக்கணக்கில் பதிவு செய்து வைத்தால்தான், போர்க்காலத்தில் ஜாமர் சரியான இடத்தில் தன் ஆற்றலைக் குவிக்க முடியும். இன்றைய ரேடார்கள் துடிப்புக்குத் துடிப்பு அதிர்வெண்ணை மாற்றிக்கொள்ளக் கூடியவை. அவற்றை வெறும் இரைச்சலால் மூட முயன்றால் ஆற்றல் அகன்ற அதிர்வெண் பட்டையில் சிதறி வீணாகும். வந்த துடிப்பையே பதிவு செய்து, சற்றுத் தாமதித்துத் திருப்பி அனுப்பிப் பொய் இலக்குகளைக் காட்டும் முறைக்கும் அந்தப் பதிவுகளே அடிப்படை.

கடல் குறுகிய இடத்தில் ரேடார் முடக்கத்தின் விளைவு என்ன என்பதற்கு 1942 பிப்ரவரியில் ஆங்கிலக் கால்வாயில் நடந்ததைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியவில்லை. ஷார்ன்ஹார்ஸ்ட், நைசனாவ், பிரின்ஸ் ஆய்கன் ஆகிய ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, பட்டப்பகலில் டோவர் நீரிணையைக் கடந்து சென்றன. அதற்கு முந்தைய நாட்களில் ஜெர்மானியர்கள் பிரிட்டிஷ் கரையோர ரேடார்களின் மீதான இரைச்சலைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே வந்ததால், அது திட்டமிட்ட முடக்கம் என்பதை ரேடார் இயக்குநர்கள் உரிய காலத்தில் உணரவில்லை. அங்கே தடுமாறியது மனிதர்களின் பயிற்சி. நம் கரையோரக் கண்காணிப்பு ரேடார்களின் முன் அமர்ந்திருப்பவர்கள் முடக்கத்தை அனுபவத்தில் பார்த்துப் பழகியிருக்க வேண்டும் என்பதை, புதிய லாரிகளை வாங்குவதற்கு முன்பே நான் வலியுறுத்துவேன்.

லாரியில் ஏற்றுவதன் காரணத்தையும் மறந்துவிடக் கூடாது. ஜாமர் இயங்கத் தொடங்கிய கணமே தன் இருப்பிடத்தை அறிவித்துவிடுகிறது. அதன் அலையையே பிடித்துக்கொண்டு வந்து தாக்கும் ஏவுகணைகள் உண்டு. எனவே அது இயங்க வேண்டும், நிறுத்த வேண்டும், உடனே இடம் மாற வேண்டும். இராமேஸ்வரம் தீவுக்குள் லாரி வருவதற்கும் போவதற்கும் பாம்பன் சாலைப் பாலம் ஒன்றே வழி. தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையோடு சாலையே முடிந்துவிடுகிறது. அங்கே நிறுத்தப்படும் லாரி, லாரியாக இருப்பதன் பயனையே இழந்துவிடும். மலைப்பகுதிகளுக்கென்றே நம் நாட்டில் ஹிம்சக்தி என்ற மின்னணுப் போர் அமைப்புக்கு 2023 மார்ச்சில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் போடப்பட்டது. நிலத்துக்கு ஏற்பக் கருவி அமைய வேண்டும் என்ற அந்தச் சிந்தனை கடற்கரைக்கும் வேண்டும். இங்கே உயரத்தைத் தரக்கூடியது வானூர்திதான், உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளம் இருக்கும்போது, பேச்சு அந்தத் திசையில் போவதே பொருத்தம்.

எங்கள் மீனவர்களின் அச்சத்தையும் இங்கே சொல்ல வேண்டும். இத்தகைய கருவிகள் வந்தால் படகிலுள்ள ஜி.பி.எஸ். கெட்டுவிடுமா என்று தங்கச்சிமடத்திலும் மண்டபத்திலும் கேட்கிறார்கள். ரேடார் ஜாமர்கள் பெரும்பாலும் பல ஆயிரம் மெகாஹெர்ட்ஸில் இயங்குபவை, ஜி.பி.எஸ். 1575 மெகாஹெர்ட்ஸிலும், படகுகளின் வி.எச்.எஃப். வானொலித் தொடர்பு 156 மெகாஹெர்ட்ஸை ஒட்டியும் இயங்குகின்றன. ஒழுங்காக வடிவமைக்கப்பட்ட ரேடார் ஜாமர் இவற்றைத் தொட வேண்டியதில்லை. ஆனால் ஜி.பி.எஸ்ஸையே குழப்பும் கருவிகள் தனியாக உள்ளன. 2017 ஜூனில் கருங்கடலில் சுமார் 20 கப்பல்களுக்கு, அவை கடலில் இருக்கும்போதே, விமான நிலையத்தில் நிற்பதாக ஜி.பி.எஸ். காட்டியது. அப்படியொரு பிழை பாக் நீரிணையில் இரவில் நேர்ந்தால், கண்ணுக்குத் தெரியாத எல்லைக் கோட்டை அறியாமல் தாண்டிய படகு சிறைபிடிக்கப்படும். படகும் போகும், பல மாத வாழ்வாதாரமும் போகும்.

ஆகவே, இந்தக் கடலில் எப்போது மின்னணுப் போர்ப் பயிற்சி நடந்தாலும், ஜி.பி.எஸ். பாதிக்கப்பட வாய்ப்பிருந்தால், அந்தச் செய்தி நாளும் நேரமும் குறிப்பிட்டுத் தமிழில் முன்கூட்டியே வர வேண்டும். விசைப்படகுகள் கடலுக்குச் செல்ல மீன்வளத் துறை அனுமதி டோக்கன் வழங்கும் இடத்திலேயே இதை அறிவிக்கலாம். நாட்டுப்படகு மீனவர்களுக்கு அந்தந்த ஊர்த் தலைவர்கள் வழியாகச் சொல்லலாம். இதற்கு இரகசியம் எதையும் வெளியிட வேண்டியதில்லை, எந்தக் கருவி என்று சொல்லவும் தேவையில்லை. அன்று ஜி.பி.எஸ்ஸை மட்டும் நம்பி எல்லைப் பக்கம் போகாதீர்கள் என்ற ஒரு வரி போதும்.